‘விழுந்துட்டு’ என்கிற சொல்

மாப்ள, உன் முள் மீட்டரை இன்றைக்குத்தான் வெளியே எடுத்தோம். நீ போனதிலிருந்து அது பெஞ்சுக்கு அடியில் பழைய துண்டில் சுற்றிக் கிடந்தது. துண்டில் இன்னும் கிரீஸும் உன் வெற்றிலையும் கலந்த வாசம்.

என் தங்கச்சியை நீ கட்டிய வருஷம் நாம் இருவரும் சேர்ந்து போட்ட கார் வயரிங் கடை. புது டிஜிட்டல் மீட்டர் இரண்டு இருந்தும் நீ இதைத்தான் நம்புவாய். “அது யோசிச்சுல்லா நம்பர் சொல்லுது. முள்ளு பட்டுன்னு விழும், அதுக்கு ஒளிக்கத் தெரியாதுலே.” ஓடுகிற வண்டி திடீர் திடீரென்று நின்றுபோகும். மற்ற ஒர்க்‌ஷாப்காரர்கள் சென்சாரை மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் நம்மிடம் அனுப்புவார்கள். சென்சார் பாவம், அது என்ன செய்யும்? நம்ம ஊர் உப்புக்காற்றில் வயருக்குள் கம்பி பச்சை பூத்து அற்றிருக்கும், மேல்தோல் மட்டும் புதுசு மாதிரி இருக்கும். நீ பானெட்டுக்குள் தலையை விட்டு, வயரைச் சாண் சாணாக ஆட்டிக்கொண்டே வருவாய். மீட்டர் என் கையில். முள் ஐந்து வோல்ட்டில் நிற்கும். அற்ற இடத்தை நீ அசைத்ததும் சரியும். “விழுந்துட்டு!” என்று கத்துவேன். அதைவிடச் சந்தோஷமான சொல் நம் கடையில் கிடையாது.

“கடல்ல முங்கி சங்கு குளிக்கிறவன் இடுப்புக் கயித்த மேல வள்ளத்துல மச்சான் கையிலதாம்லே கொடுப்பான். தங்கச்சி தாலிக்காவது ஒழுங்கா பிடிப்பாம்லா” என்று சீண்டுவாய். நானும் சிரிப்பேன், மடையன்.

நீ போன அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கச்சி போனில் சொன்னதும் அதே சொல்தான். “அண்ணே, அவிய விழுந்துட்டாவ.” மாரடைப்பு. முந்தின நாள் வேலைக்கு நடுவில் நீ தோளைத் தேய்த்துக்கொண்டு “வாய்வுலே” என்றாய். நான் முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு இந்த மாதிரி வண்டி எது வந்தாலும் “வேற இடம் பாருங்க அண்ணாச்சி” என்று அனுப்பிவிடுவேன். அந்தச் சொல் என் வாயில் வராது.

இன்று ஆத்தூர் வெற்றிலைக்கார அண்ணாச்சியின் காரையும் அனுப்பத்தான் பார்த்தேன். சாப்பாடு கொண்டுவந்த தங்கச்சி கேட்டுவிட்டாள். “இன்னும் எத்தனைய திருப்பி அனுப்புவிய? கடைய மூடிட்டா அவிய வந்துருவாவளா?” துண்டை அவளே அவிழ்த்தாள். “நீங்க உள்ள ஆட்டுங்க, நான் பாக்கேன்.”

முதல்முறையாக உன் இடத்தில் நான் குனிந்தேன். கிளிப்பை ஒட்டி வயர் வளைகிற இடத்தைத் தொட்டேன்.

“விழுந்துட்டு அண்ணே!” தெருவுக்கே கேட்டிருக்கும். கத்திவிட்டு அழுதாள். நானும் பானெட்டுக்குள்ளேயே அழுதேன்.

வயரை வெட்டி ஒட்டியாயிற்று. வண்டி நிற்காமல் ஓடுகிறது. வேலை முடிந்து நிமிரும்போது குனிந்தே நின்ற அலுப்பில் தோளைத் தேய்த்தேன். அவள் மீட்டரைப் பொத்தென்று கீழே வைத்தாள். “தோளுக்கு என்ன அண்ணே? எப்பேலருந்து வலிக்கு?”

கயிறு பிடிக்கிறது இதுதான் மாப்ள. அன்றைக்கு நானும் மீட்டரைக் கீழே வைத்திருக்க வேண்டும்.