பத்தாவது விரலுக்கு வராத 'ம்'

என் ராசாத்தி முத்துமாரிக்கு,

நீ போய் நாற்பது நாள் ஆகிறது. உயிரோடு இருந்தபோது நாலு நல்ல வார்த்தை பேசாதவள் இப்போது கடிதம் எழுதுகிறாளே என்று சிரிப்பாய். சிரி. உன் சிரிப்புக்கு எனக்குப் பயமில்லை. பயம் வேறொன்றுக்கு.

கம்பெனியில் நாம் தகடு அடிக்கும் பிரஸ் அப்படியேதான் இருக்கிறது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று, நாலு கையாலும் நாலு பட்டனையும் சேர்த்து அழுத்தினால்தான் இறங்கும் அந்தப் பழைய மெஷின். நீ நின்ற இடத்தில் இப்போது சாந்தி நிற்கிறாள். படப்பைக்காரி, இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். நல்லவள், ஆனால் உன்னைப்போல் தொணதொணக்க மாட்டாள்.

ஷிஃப்ட் முடிந்ததும் ஒரு கூத்து நடத்துவாயே! சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து வந்து, சேரப்பணஞ்சேரியில் ஆறு பேரோடு ஒரே அறையில் கிடந்தவள் நீ. கிளவுஸைக் கழற்றி, பத்து விரலையும் ஒவ்வொன்றாகப் பிடித்து, விரலுக்கு ஒரு நன்றி சொல்வாய். "சாம்பார்ல ரெண்டு முருங்கைக்கா கெடச்சுது. பஸ்ல சன்னலோரம் எடம் கெடச்சுது. அம்மா போன்ல இருமல." ஒவ்வொன்றுக்கும் நான் ம் கொட்ட வேண்டும்.

"எக்கா, ம் கொட்டுங்கக்கா. கேக்க ஆளில்லன்னா நன்றி எங்க போய்ச் சேரும்?"

"சம்பளம் ஏறல, முதுகு வலி போவல, இதுல தாங்க்ஸ் வேறயா? வாடி, பஸ்ஸு பூடும்" என்று எரிந்து விழுவேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். வேலை சீக்கிரம் ஓடட்டும் என்று என் இடது பட்டனை அழுத்தியபடியே டேப் போட்டு ஒட்டியிருந்தேன். ஒரு கை காலியாக இருந்தால் தகட்டைச் சரிசெய்துகொண்டே இருக்கலாமே. தகடு கோணியது. இடக்கையை உள்ளே விட்டேன். வலக்கை பழக்கதோஷத்தில் பட்டனை அழுத்திவிட்டது. நீ உன் இரண்டு கைகளையும் வெடுக்கென்று தூக்கினாய். மெஷின் இறங்கவில்லை.

நான் என்ன செய்தேன்? "இன்னாத்துக்குடி கைய எடுத்த? டார்கெட் பூட்ச்சி, உன்னாலதான்!" என்று சூப்பர்வைசர் முன்னாலேயே உன்னைத் திட்டினேன். டேப் விஷயம் வெளியே வந்துவிடக் கூடாதே என்ற பயம். நீ டேப்பைக் காட்டிக்கொடுக்காமல் அடுத்த தகட்டை எடுத்து வைத்தாய்.

அன்றும் விரல்களைப் பிடித்தாய். கடைசியாக, இடது கட்டைவிரலுக்கு, "கஸ்தூரியக்கா கை கையாவே இருக்கு" என்றாய். நான் ம் கொட்டவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு நடந்தேன். மறுநாள் காய்ச்சல் என்று ஊருக்குப் போனாய். ஒரே வாரத்தில் சேதி வந்தது.

சேதி வந்த அன்று ஷிஃப்ட் முடிவில், என்னை அறியாமல் சுண்டுவிரலைப் பிடித்தேன். "டீ சூடா இருந்துச்சு" என்றேன். காதில் இயர் பிளக். சுற்றிலும் மெஷின்கள் இடித்துக்கொண்டிருந்தன. யார் கத்தினாலும் கேட்காத இடம் அது. அதற்குள் ஒரு 'ம்' கேட்டது. மூக்கடைத்தவள் சொல்வது போல வருமே உனக்கு, அதே 'ம்'.

அன்றிலிருந்து தினமும் ஒன்பது விரலுக்கு ஒன்பது 'ம்' வருகிறது. பத்தாவதுக்கு மட்டும் இல்லை. மழை, மகனுடைய மார்க், புது பஸ் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். சத்தமே வராது. ஆனால் எதிரே ஆள் காத்து நிற்பது தெரியும். என் மனப்பிராந்திதான் என்று தேற்றிக்கொண்டிருந்தேன். போன வாரம் சாந்தி முகம் வெளுத்துப்போய் என் கையைப் பிடித்தாள்.

"யாருக்கா அது, ம் கொட்டிகினே கீறது?"

வேடிக்கையைக் கேள் முத்து. பயத்தில் தொடங்கிய பழக்கம் என்னைச் சந்தோஷமாக்கிவிட்டது. பத்து சொல்ல வேண்டுமே என்று காலையிலிருந்தே நல்லதைத் தேடுகிறேன். தேடினால் கிடைக்கிறது. கேட் பக்கத்துக் கொன்றை மரத்தை எட்டு வருஷமாக நான் பார்த்ததே இல்லையா? வீட்டில் அவர் சந்தேகமாகப் பார்க்கிறார். "இன்னா கஸ்தூரி, திட்டவே காணோம். உடம்பு எதனா சரியில்லியா?"

பத்தாவதுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? முதல் நாளே தெரியும். சொல்லிவிட்டால் நீ போய்விடுவாயோ, மற்ற ஒன்பதும் நின்றுவிடுமோ என்றுதான் இழுத்தடிக்கிறேன். செத்தவளை மெஷின் முன்னால் காக்கவைத்துவிட்டு நான் சந்தோஷமாக இருக்கிறேன். எவ்வளவு சுயநலக்காரி பார்.

நாளைக்குச் சொல்லிவிடுகிறேன். சூப்பர்வைசர் கேட்கட்டும், எல்லாரும் கேட்கட்டும். "டேப் ஒட்டுனது நானு. இந்தக் கை முத்துமாரி குட்த்தது." அதற்கு நீ ம் கொட்டாதே. நான் கொட்டுகிறேன். அன்றைக்கே நான் கொட்டியிருக்க வேண்டியது அது. அதற்குப் பிறகு நீ அங்கே நிற்க வேண்டாம் கண்ணு, கிளம்பு. மறுநாளும், அதற்கு மறுநாளும், பதில் வராவிட்டாலும் பத்து சொல்வேன். இது சத்தியம்.

பத்து விரலோடு இருக்கும்
உன் பென்னலூர் அக்கா,
கஸ்தூரி