வலது கண் போட்ட மதிப்பெண்

மார்ச் 3, செவ்வாய்
இன்றும் நாற்பது மாட்டுக் கண் லென்ஸ். பாதியை மெஷின் நாள் முழுக்க அழுத்தி அழுத்தி விட்டிருக்கிறது. கிட்டே, தூரே என்று பார்வையை மாற்றும்போது நம் லென்ஸும் இப்படித்தான் இழுபடுகிறதாம். மீதி தண்ணீரில் சும்மா ஊறிக் கிடந்தவை. அழுத்தத்தால் கண்புரை வருமா என்பதுதான் கேள்வி. எது எந்தப் பாதி என்று எனக்குச் சொல்ல மாட்டார்கள். மங்கலுக்குப் பூஜ்யம் முதல் நாலு வரை மதிப்பெண் போடுவது என் வேலை. முக்கால்வாசிக்கு மூன்று போட்டேன். இடுப்பு விட்டுப்போச்சு.

மார்ச் 6
இந்த ஆராய்ச்சியை நடத்துகிற மேடம் முகமே சரியில்லை. "அழுத்தினதும் மங்கல், சும்மா கிடந்ததும் மங்கல்னா என்னக்கா அர்த்தம்? இந்த மாசத்தோட நிறுத்திடலாம்." மூன்று வருட உழைப்பு. அழுதுவிடுவாரோ என்று பயந்து, ஊறவைக்கும் தண்ணீர் மேல் பழியைப் போட்டேன்.

மார்ச் 9
தண்ணீரை மாற்றியாச்சு. அதே மூன்று.

மார்ச் 10
வலது கண் இமையில் கட்டி. வேறு வழியில்லாமல் மைக்ரோஸ்கோப்பில் இடது கண்ணை வைத்தேன். இத்தனை வருடத்தில் முதல் தடவை. லென்ஸ் தெளிவாக இருந்தது! வலியைப் பொறுத்துக்கொண்டு வலதை வைத்தேன். மூன்று. திரும்ப இடது. பூஜ்யம்.
மங்கல் லென்ஸில் இல்லை. என் கண்ணில்.

மார்ச் 11
சொல்லவில்லை.

மார்ச் 12
இன்றும் சொல்லவில்லை. சொன்னால் யார் என்னை வைத்துக்கொள்வார்கள்? வீட்டில் இவரிடம் மட்டும் சொன்னேன். "வாசல் லைட்டைச் சுத்தி வளையம் தெரியுதுன்னு ஆறு மாசமா நீதானே புலம்பினே?" என்றார். ஆமா, புலம்பினேன். புரையையே பார்த்துக்கிட்டு இருக்கிறவளுக்குத் தன் புரை தெரியல. சீ, வெட்கமா இருக்கு.

மார்ச் 13
சொல்லிவிட்டேன். மேடம் என் பழைய மதிப்பெண் தாள்களைப் புரட்டினார். பிறகு, "எத்தனை மாசமாக்கா?" தெரியாது என்றேன். என் மதிப்பெண்கள் அத்தனையும் குப்பைக்குப் போயின. புது லென்ஸ் நாற்பது வருகிறது. பக்கத்து மேசைக்காரி பார்ப்பாள்.

மார்ச் 19
புரைதான். ஆபரேஷன் இருபத்தேழாம் தேதி. என் வேலையைச் சொல்லி, "கண்ணைப் போட்டு வாட்டினதாலதான் வந்துச்சா டாக்டர்?" என்று கேட்டேன். சிரித்தார். "அதை நீங்கதாம்மா கண்டுபிடிச்சுச் சொல்லணும்."

மார்ச் 24
குழாயடியில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். இப்போதைக்கு அதுதான் என் வேலை. மேடம் தாளோடு ஓடி வந்தார். சும்மா கிடந்த இருபதும் தெளிவு. அழுத்தியதில் பதினாறு மங்கல். "இன்னும் நாலஞ்சு தடவை செஞ்சு பார்க்கணும். ஆனா நிறுத்தலைக்கா!"
ஈரக் கையோடு வாங்கி இடது கண்ணால் படித்தேன். சந்தோஷம்தான். பார்த்தவர் என்ற இடத்தில் இன்னொருத்தியின் கையெழுத்து. அதுவும் நன்றாகவே தெரிந்தது.