பெரட்டில் பதில் சொன்னவன்

அக்டோபர் 6, ஞாயிறு

இதெல்லாம் நடக்கும்னு நான் அப்பவே சொன்னேன். கெஸியா மூணு வயசுல கோயில் பெஞ்சு மேல ஏறி நின்னு ஃபாதர் முகத்தையே உத்துப் பார்த்தா. "இவ மனுசன் மனசைப் படிக்கப் போறா பாரு"ன்னு என் தங்கச்சி பியாட்ரிஸ்கிட்ட சொன்னேன். "பிள்ளைக்குப் பசிண்ணா"ன்னு சிரிச்சா. இன்னிக்கு என்ன ஆச்சு? அவ பொண்ணு கோயம்புத்தூர்ல பி.எஸ்ஸி. சைக்காலஜி ரெண்டாவது வருஷம். பல்கலைக்கழக சைக்காலஜி லேப்ல ஆராய்ச்சி உதவியாளரா எடுக்கப் போறாங்க! படிச்சுக்கிட்டு இருக்கிற பிள்ளைக்கு அந்த இடம் லேசுல கிடைக்காது. இப்போ சோதனைக்குத்தான் வெச்சிருக்காங்க. குடுத்த வேலையை ஒழுங்கா முடிச்சா இடம் உறுதி. இல்லேன்னா அடுத்த பிள்ளைக்குப் போயிடும்.

லேப்ல வெள்ளெலி இருக்குமான்னு கேட்டேன். "எலி இல்ல மாமா, நீங்கதான்"னா. வாயாடி.

அக்டோபர் 8

வேலை இதுதான். ஒரே சம்பவத்துல இருந்தவங்களைத் தனித்தனியா பேச வெச்சுப் பதிவு பண்ணணும். யாருக்கு எது ஞாபகம் இருக்கு, எது மாறிப் போச்சுன்னு லேப் தலைவி கோகிலவாணி மேடம் பார்ப்பாங்க. எந்தச் சம்பவம்? கெஸியா யோசிக்கவே இல்ல. தும்பக்காடு எஸ்டேட் மண்சரிவு. முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. லயத்து வரிசை வீட்டுச் சனம் மொத்தத்தையும் காப்பாத்தினது யாரு? இந்த மரியஅந்தோணி. அரவேணுவுல டீக்கடை டீக்கடையாக் கேட்டுப் பாருங்க.

புஸ்தகத்துல என் பேர் அச்சாகும்னு, அப்ப எஸ்டேட்ல என்கூட வேலை பார்த்த தங்கையாகிட்ட சொன்னேன். மேடம் அப்படிச் சொல்லல. ஆனா ஆகும்.

அக்டோபர் 13

பேசினேன். பேச்சா அது! கெஸியா போனை மேசை மேல வெச்சுட்டு வாயைப் பொத்திக்கிட்டா.

சொன்னது இது. அன்னிக்குக் காலையில பெரட்டு. வேலைக்கு முன்னாடி ஆளுங்களை நிறுத்திப் பேர் கூப்பிடுறதை சிலோன்லேர்ந்து வந்த எங்க சனம் அப்படித்தான் சொல்லும். மழையும் பனியும், பக்கத்து ஆள் தெரியல. கங்காணி என் பேரைக் கூப்பிட்டார். நான் வரிசையில இல்ல, மேல் காட்டுல நின்னேன். அங்கேர்ந்து "வந்தேங்க"ன்னு குரல் குடுத்தேன். திரும்பவும் "வந்தேங்க". இவன் என்னத்துக்கு மேல நிக்கிறான்னு எல்லாரும் ஏறி வந்தாங்க. கடைசி ஆள் ஏறினதும் பெரட்டுக்களமும் லயமும் மண்ணோட போச்சு. ஒரு உசுரு போகல.

மண் வாசனை மாறினதை என் மூக்கு சொல்லிடுச்சுன்னேன். ஒரு நாய் என் வேட்டியைக் கடிச்சு மேல இழுத்துச்சுன்னும் சேர்த்தேன். நாய் நேத்து வரைக்கும் கதையில இல்ல. இருந்துட்டுப் போகட்டும்.

"வேலைக்கு வேட்டியிலயா போவீங்க மாமா?"ன்னா. இந்தப் பிள்ளைக்கு முன்னாடி கொஞ்சம் பார்த்துப் பேசணும்.

அக்டோபர் 19

நான் பேசினதை லேப்ல மிஷின் எழுத்தா மாத்திடுச்சாம். கெஸியா வாசிச்சுக் காட்டிட்டு உருண்டு உருண்டு சிரிச்சா. பெரட்டுன்னு நான் சொன்ன இடமெல்லாம் புரட்டுன்னு இருக்கு. "புரட்டில் என் பேர் வந்தது." "நான் புரட்டுக்குப் போயிருந்தேன்."

எனக்குச் சிரிப்பு வரல. மிஷினுக்கு என்ன தெரியும்?

அக்டோபர் 27

கெஸியா மஞ்சூர் போய், அப்ப எங்க லயத்துல இருந்த சுப்பம்மாவைப் பதிவு பண்ணிட்டு வந்தா. சரிவுக்கு அப்புறம் அந்தக்கா அந்தப் பக்கம் போனதுதான், நான் திரும்பப் பார்த்ததே இல்ல.

"மத்தவங்க பேசினதை உங்ககிட்ட சொல்லக் கூடாது மாமா. ஒரு வார்த்தை மட்டும் புரியல"ன்னு பதிவுல ஒரு துண்டைப் போட்டுக் காட்டினா.

சுப்பம்மாக்கா குரல் நடுங்குது. "அந்தோணி கொரலுதான். நாங்க எல்லாம் நனைஞ்சு தொண்டை கட்டிக் கெடக்கோம். அது ஈரமில்லாத கொரலு. ஏறிப் போனா ஆளைக் காணோம். அதுக்கும் மேலேருந்து இன்னொருக்கா வந்தேங்கன்னுச்சு."

"ஈரமில்லாதன்னா என்ன மாமா?"

தெரியலன்னேன். தெரியும். இந்த மலையில மழைக்காலத்துல குரல்கூட ஊறிப் போகும். நனையாம இருக்கணும்னா மழை படாத இடத்துல இருந்திருக்கணும். மேல் காட்டுல ஏது கூரை?

"எல்லாரும் குரலைக் கேட்டிருக்காங்க. உங்களைப் பார்த்தேன்னு ஒருத்தரும் சொல்லல"ன்னா.

பனி. வேற என்ன?

நவம்பர் 2

மேடமே வர்றாங்களாம். நான் நின்ன இடத்தைக் காட்டணுமாம்.

நவம்பர் 9

போனோம். பெரட்டுக்களம் இருந்த பக்கம் இப்போ புல்லு. மேடம், கெஸியா, தங்கையா கீழ நின்னாங்க. நான் மேல போய், நின்ன இடத்துலேர்ந்து பதில் சொல்லணும். அதைக் கெஸியா பதிவு பண்ணணும்.

"முட்டி வலியா அந்தோணி? அன்னிக்கு ஆடாட்டம் ஏறினியே!"ன்னு தங்கையா கத்தினான்.

ஏறினேன். எந்த இடம்னு சொல்றது? ஒரு பாறை, ரெண்டு சில்வர் ஓக். பனி இறங்கிச்சு. கீழ இருந்தவங்க மறைஞ்சாங்க. கெஸியா கூப்பிட்டா, "மரியஅந்தோணி!"

நான் வாயைத் திறக்கல.

"வந்தேங்க."

எனக்கு மேல. என் குரல்தான், ஆனா இருபத்தி சொச்சம் வயசுல இருந்த குரல். காஞ்ச குரல்.

கீழ கை தட்டினாங்க. நான் உட்கார்ந்தபடியே சறுக்கி இறங்கினேன். "சூப்பர் மாமா! அதே குரல்ங்கறார் தங்கையா தாத்தா"ன்னு கெஸியா கட்டிப் பிடிச்சா. தங்கையா மட்டும் சிரிக்கல. என் தலையைத் தொட்டுப் பார்த்தான். நனைஞ்சிருந்துச்சு.

நவம்பர் 10

கோயிலுக்குப் போகல. பியாட்ரிஸ் கேட்டா, சளின்னேன்.

நவம்பர் 13

கெஸியா போன். மேடத்துக்கு ரொம்பத் திருப்தியாம். பதிவுக்குக் கீழ "குரல்: மரியஅந்தோணி, சம்பவத்தில் நேரில் இருந்தவர்"னு எழுதி அவ பேரைப் போட்டுக் குடுத்தா இடம் உறுதி. "போட்டுடட்டா மாமா?"

அவ பேரு. என் பேருன்னா பரவால்ல, அது எத்தனையோ பார்த்துடுச்சு. பின்னாடி யாராவது கண்டுபிடிச்சா பிள்ளை பேர்ல இல்ல கறை விழும்? சொன்னா இடம் போயிடும். சொல்லாட்டி?

சொல்லிட்டேன். எதைன்னு இங்க எழுதக் கை வரல.

கெஸியா கேட்டா, "மாமா, அப்ப அன்னிக்கும் இப்பவும் பதில் சொன்னது யாரு?"

போனை வெச்சுட்டேன்.

நவம்பர் 24, ஞாயிறு

கெஸியா கோயம்புத்தூர் பஸ் ஏறினா. கழுத்துக் கயித்துல லேப் சாவி தொங்குது. மேடத்துகிட்ட அவளே போய்ச் சொல்லியிருக்கா. நல்லாத் திட்டு வாங்கினாளாம், ஆனா இடத்தை அவளுக்கே குடுத்துட்டாங்க. மத்தவங்க பதிவை வெச்சுக்கிட்டு என்னுதை எடுத்துட்டாங்க. புஸ்தகத்துல என் பேர் வராது. தங்கையாகிட்ட இன்னும் சொல்லல.

மலையில பதிவானதை மட்டும் அழிக்க மனசில்லையாம். போன்ல இருக்கு. கேட்கறீங்களா மாமான்னா. வேண்டாம் கண்ணுன்னேன்.

இன்னிக்குக் கோயில்ல வாசகம் வாசிக்க ஃபாதர் என் பேரைக் கூப்பிட்டார். உடனே எழுந்திருக்கல. வேற யாராவது முந்திக்கிறாங்களான்னு பார்த்துட்டுத்தான் எழுந்தேன்.

நாய் பொய். மண் வாசனை பொய். அதெல்லாம் சும்மா தாளிப்பு. சரிவு நடந்த அன்னிக்கு நான் எஸ்டேட்டுக்குத் திரும்பினப்ப சனம் ஓடி வந்து என் கையைப் பிடிச்சு அழுதுச்சு. "நீ மேலேருந்து குரல் குடுக்கலேன்னா நாங்க இல்லடா." இல்லைன்னு சொல்ல ஒரு நிமிசம் இருந்துச்சு. சொல்லல.

பெரட்டுல என் பேரைக் கூப்பிட்டப்ப நான் மேல் காட்டுல இல்ல. முந்தின ராத்திரி சினிமா பார்த்துட்டு, கடைசி பஸ்ஸை விட்டுட்டு, குன்னூர் ஸ்டேஷன் பெஞ்சுல தூங்கிக்கிட்டு இருந்தேன். கூரைக்கு அடியில. நனையாம.