கியருக்கு எதிரே இரண்டு கட்டங்கள்

ஜூன் 11, புதன்

ஷோரூமிலிருந்து கதிரவன் சாயங்காலம் வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் நாலு பக்கப் படிவம். வண்டியின் நிறம், கூரை, டீசலா பெட்ரோலா, நாலு சக்கரமும் இழுக்க வேண்டுமா இரண்டு போதுமா என்று ஒவ்வொன்றுக்கும் கட்டம் போட்டிருந்தார்கள். இருபத்திரண்டு வருடமாகப் பள்ளிக்கூட அலுவலகத்தில் படிவங்களோடு மாரடிப்பவள் நான். இவ்வளவு அழகாக அச்சடித்த ஒன்றைப் பார்த்ததில்லை.

என்னைப் பெண் பார்க்க வந்த அன்றுகூட இவர் இப்படிச் சிரிக்கவில்லை. நிறம் சாம்பல், கிள்ளைப் பண்ணைச் சேறு பட்டால் தெரியாதாம். கூரை இரும்பு. துணிக்கூரை என்றால் உப்புக்காற்றுக்கு இரண்டு வருடம் தாங்காதாம். டீசல். நாலு சக்கரமும் இழுக்க வேண்டும், அதில் பேச்சே இல்லை. மழை விழுந்துவிட்டால் இறால் குட்டைக் கரையில் வேறு எந்த வண்டியும் ஏறாது. பழைய ஜீப்பைப் போன ஐப்பசியில் மூன்று முறை டிராக்டர் கட்டி இழுத்தார்கள்.

இரண்டாம் பக்கத்தில் கியர். மேனுவல் ஒரு கட்டம், ஆட்டோமேட்டிக் ஒரு கட்டம். நான் வாயைத் திறப்பதற்குள் மேனுவலில் டிக் விழுந்துவிட்டது.

"கியர் போடலன்னா அது வண்டியா சந்திரா?" என்றார். கதிரவனும் தலையாட்டினார். வாங்குகிறவர் எதைச் சொன்னாலும் தலையாட்டுவது அவர் தொழில்.

முப்பதாம் தேதி வரை மாற்றிக்கொள்ளலாமாம். அதற்குப் பிறகு மாற்றினால் வரிசையில் கடைசிக்குப் போய்விடும், வண்டி மழைக்காலம் முடிந்துதான் கிடைக்கும்.

எனக்கு ஏன் அந்தக் கட்டத்தின் மேலேயே கண் என்றால், அவருடைய செருப்பு. இரண்டு மாதமாகக் கவனிக்கிறேன். வீட்டுக்குள் நடக்கும்போது இடது செருப்பு கழன்று பின்னால் கிடக்கிறது. அவர் அது தெரியாமல் போய்க்கொண்டே இருக்கிறார்.

ஜூன் 13, வெள்ளி

படுக்கை விரிப்பில், அவர் கால் பக்கம் ரத்தக் கறை. கொசு என்கிறார். கொசுவுக்கு அவ்வளவு ரத்தமா?

ஜூன் 15, ஞாயிறு

கிள்ளையிலிருந்து மதியமே வந்துவிட்டார். டிவி முன்னால் காலை நீட்டி உட்கார்ந்து, நாலு சக்கரமும் எப்படித் தனித்தனியாகப் பூட்டிக்கொண்டு இழுக்கும் என்று எனக்கு விளக்கிக்கொண்டிருந்தார். கீரை ஆய்ந்துகொண்டிருந்த நான் தற்செயலாக அவர் பாதத்தைப் பார்த்தேன். இடது பாதத்தின் நடுவில் ஏதோ மினுமினுத்தது. சிப்பி ஓடு. கால் விரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு உள்ளே ஏறி, சுற்றிலும் கறுத்திருந்தது.

நான் நகவெட்டியால் அதைப் பிடித்து இழுத்து வெளியே எடுத்தேன். அவர் பேச்சை நிறுத்தவில்லை. கால் அசையவில்லை. எடுத்துவிட்டேன் என்பதே அவருக்குத் தெரியவில்லை. உள்ளங்கையில் வைத்துக் காட்டிய பிறகுதான் பார்த்தார்.

"தோல் தடிச்சுப் போச்சு, அவ்ளோதான்."

பண்ணையில் செருப்போடு யாரும் கரை ஏறக்கூடாது. வாசலில் கழற்றிவிட்டு, மருந்துத் தண்ணீரில் காலை நனைத்துவிட்டுத்தான் போக வேண்டும். வெளிச்சேறு வந்தால் இறாலுக்கு நோய் வரும் என்று இவர் போட்ட சட்டம். அதை மீறியதற்காக ஒரு ஆளை வேலையை விட்டே அனுப்பியிருக்கிறார். இப்போது அந்தச் சட்டத்துக்கு இவர்தான் முதல் ஆளாகக் காலைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். பதினாலு வருடமாக இவருக்குச் சர்க்கரை.

"கிளட்ச் மிதிக்கிறது தெரியுதா உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"பதினெட்டு வயசுலேர்ந்து ஓட்டுறேன்" என்றார். நான் கேட்டது அதுவல்ல.

ஜூன் 17, செவ்வாய்

சண்டை. ஆட்டோமேட்டிக் என்று வாயெடுத்ததும் பிடித்துக்கொண்டார். "அது மார்க்கெட்டுக்குப் போற பொம்பளைங்களுக்கு. சேத்துல கிளட்ச்சை வச்சுத்தான் வண்டியைப் பிடிக்கணும். உனக்கு என்ன தெரியும்?"

எனக்குத் தெரியாதுதான். அதனால் பள்ளிக்கூடத்திலிருந்து கதிரவனுக்கு போன் போட்டுக் கேட்டேன்.

"சேத்துக்கு ஆட்டோமேட்டிக்தான் மேடம் ஈஸி. இடது காலுக்கு வேலையே இல்ல. சாருக்கும் சொன்னேன், அவுங்க கேக்கல."

"அப்ப மாத்திடுங்க."

"சார் போனுக்கு ஓடிபி வரும் மேடம். அதைச் சொன்னாத்தான் மாத்த முடியும்."

வண்டிக்கு முன்பணத்தில் பாதி என் சம்பளம். கேட்கிறது மட்டும் சாருடைய போனை.

ஜூன் 19, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

பதினோரு மணிக்குப் பஞ்சநாதன் போன் செய்தார். எங்கள் பண்ணைக் காவல்காரர், கிள்ளைக்காரர், எட்டு வருடமாக இருக்கிறார். வழக்கமாக அவர் எனக்கு போன் செய்வதில்லை.

"அம்மா, பயப்படாதீங்க, சாருக்கு ஒண்ணும் இல்ல. ஜீப்பு கரையிலேர்ந்து எறங்கிடுச்சு. முன் சக்கரம் ரெண்டும் குட்டைத் தண்ணியில நிக்குது."

எப்படி என்று கேட்டேன்.

"நான் மதகுகிட்ட ஜீப்புக்கு முன்னாடி நின்னுக்கிட்டிருந்தேன். சார் கியர் போட்டு கிளட்ச்சை மிதிச்சுக்கிட்டு என்கூடப் பேசிக்கிட்டிருந்தாரு. கால் நழுவிடுச்சும்மா. அவருக்கே தெரியல. வண்டி குதிச்சு வந்துடுச்சு. நான் தண்ணியில பாய்ஞ்சதால தப்பிச்சேன். நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

மாலையில் அவர் வந்து, கரை வழுக்கிவிட்டது என்றார். நான் கரையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பஞ்சநாதனுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். அதுவே திரும்பத் திரும்ப ஓடுகிறது.

ஜூன் 20, வெள்ளி

செய்துவிட்டேன்.

காலையில் அவர் குளிக்கப் போனார். போன் சாப்பாட்டு மேசையில் இருந்தது. அதைத் திறக்க விரலால் இழுக்கும் கோடு எனக்குத் தெரியும், அவர் மறைத்ததே இல்லை. கதிரவனைக் கூப்பிட்டு, சார் சம்மதித்துவிட்டார் என்றேன். ஆறு எண்கள் வந்தன. படித்துச் சொன்னேன். குறுஞ்செய்தியை அழித்துவிட்டுப் போனை இருந்த இடத்திலேயே, இருந்த மாதிரியே வைத்தேன். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

ஒருவர் கையெழுத்தை இன்னொருவர் போட நான் என் அலுவலகத்தில் ஒரு நாளும் விட்டதில்லை. பெற்ற தாயே வந்து அப்பா கையெழுத்தைப் போடுகிறேன் என்றாலும் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

தோசை ஊற்றிக் கொடுத்தேன். நல்லா இருக்கு என்றார். என் பங்கை மூடி வைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினேன்.

ஜூன் 21, சனி

என் தம்பி ஸ்ரீதர் வந்திருந்தான். "மச்சான், கியர் நாப்ல கை வச்சாலே ஒரு தைரியம் வரும்டா" என்று இவர் அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அடுப்படியிலேயே நின்றுகொண்டேன்.

ஜூன் 23, திங்கள்

இதை நான் யோசிக்கவே இல்லை. மாற்றம் செய்தால் கம்பெனியிலிருந்து புதிய ஆர்டர் தாள் வரும் அல்லவா? இன்று அவர் போனுக்கு வந்துவிட்டது. இத்தனை வருடம் நகல் அனுப்பியே பிழைப்பவளுக்கு அது தோன்றவில்லை.

நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பையைக்கூட வைக்கவில்லை. போனை என் முன்னால் நீட்டினார்.

"யாரு மாத்துனது?"

"நான்தான்."

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எங்கிட்ட கேட்டிருக்கலாம்."

"கேட்டேன். செவ்வாய்க்கிழமை கேட்டேன்."

"ஒரு தடவைதான் கேட்ட."

பஞ்சநாதன் பெயரை இழுக்காமல் எப்படிச் சொல்ல? பயமா இருக்குங்க, அந்தக் கால் உங்க கால் மாதிரியே இல்லங்க என்று ஏதேதோ சொன்னேன், அழுதும் விட்டேன். அவர் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பதாம் தேதிக்குள் மறுபடி மேனுவலுக்கே மாற்றப்போவதாகச் சொன்னார்.

"சரி. சிதம்பரத்துல போய்க் கால் பரிசோதனை பண்ணிக்குங்க. இடது கால்ல உணர்ச்சி இருக்குன்னு டாக்டர் சொன்னா நானே போன் பண்ணி மாத்தித் தர்றேன்" என்றேன்.

"பேச்சு மாற மாட்டியே?"

என்னைப் பார்த்து அப்படிக் கேட்டது இருபத்தைந்து வருடத்தில் இதுதான் முதல் தடவை. கேட்க வைத்தவள் நான்தான்.

ஜூன் 25, புதன்

இரண்டு நாளாகச் சாப்பாடு, தண்ணீர், சாவி தவிரப் பேச்சில்லை.

ஜூன் 28, சனி

சிதம்பரம். டாக்டர் தில்லைநாதன். ஜீப்பில்தான் போனோம், அவர்தான் ஓட்டினார். வழியெல்லாம் நான் சாலையைப் பார்க்கவில்லை, அவர் இடது முழங்காலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

டாக்டர் மீன் வலை இழை போல ஒரு நைலான் இழையை எடுத்தார். "கண்ணை மூடிக்குங்க. பட்டா சொல்லுங்க." இடது பெருவிரலில் வைத்து அழுத்தினார். இழை வளைந்தது. இவர் சும்மா இருந்தார். உள்ளங்காலில் மூன்று இடம். சும்மா இருந்தார். பிறகு டாக்டர் இழையை எடுத்துவிட்டு, எதுவுமே செய்யாமல் நின்றபோது, "ம், இப்பத் தெரியுது" என்றார்.

எழுதவே வெட்கமாக இருக்கிறது. அந்த நிமிடம் எனக்கு உள்ளே ஒரு நிம்மதி. நான்தான் சரி. நான் அடித்த டிக்தான் சரி.

டாக்டர் நாற்காலியை நகர்த்தி வலது காலுக்குப் போனார்.

பெருவிரல். சும்மா இருந்தார். உள்ளங்கால். சும்மா இருந்தார். குதிகாலில் மட்டும் ஒரு இடத்தில், சந்தேகமாக, "ம்" என்றார்.

வலது கால். பிரேக் மிதிக்கிற கால்.

"இது ஒரு கால்ல மட்டும் வர்றதில்லம்மா. ரெண்டும் சேந்துதான் போகும். வெறுங்கால்ல நடக்கறதை இன்னைக்கே நிறுத்தணும். வண்டி ஓட்டறதையும் நிறுத்தணும்" என்றார் டாக்டர். இவரிடம் சொல்லாமல் என்னிடம் சொன்னார்.

இவ்வளவு நாள் இடது காலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். திருடி மாற்றிய அந்த ஆட்டோமேட்டிக்கால் என்ன ஆகியிருக்கும்? பிரேக் தெரியாத காலோடு இன்னும் பத்து வருடம் சுலபமாக ஓட்டியிருப்பார். பஞ்சநாதன் மாதிரி யாரோ ஒருவர் முன்னால் நின்றிருப்பார். அதற்கு நானே எண் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

வெளியே வந்தோம். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஜீப்பின் பக்கத்தில் வெகுநேரம் நின்றார். பிறகு ஸ்ரீதருக்கு போன் செய்து, "மச்சான், ஜீப்பு இங்க ஆஸ்பத்திரியில நிக்குது, நாளைக்கு வந்து எடுத்துக்கிட்டுப் போ" என்றார். ஏன் என்று அவன் கேட்டிருக்க வேண்டும். "சும்மாதான்" என்று வைத்துவிட்டார்.

ரயிலில் வந்தோம். பரங்கிப்பேட்டை தாண்டிய பிறகு பேசினார்.

"ஒரு வருசமாத் தெரியும் சந்திரா. எவ்ளோ மிதிச்சிருக்கேன்னு கால் சொல்லாது. வண்டி எவ்ளோ நிக்குதுன்னு பாத்துத்தான் தெரிஞ்சுக்குவேன்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஒரு வருடமாக எங்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். வரவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு திருப்பாதிரிப்புலியூரில் இறங்கும் வரைக்கும் வந்தேன்.

ஜூன் 29, ஞாயிறு

வண்டி ஆர்டரை ரத்து செய்துவிடலாம் என்றார். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பீரோவில் என் லைசென்ஸ் இருக்கிறது. பதினாலு வருடத்துக்கு முன்னால் எடுத்தது. ஸ்ரீதர் காரில் தேவனாம்பட்டினம் கடற்கரை வரை நாலு தடவை ஓட்டியிருக்கிறேன். நாலாவது தடவை ஒரு ஐஸ் வண்டியை உரசிவிட்டு அழுதுகொண்டே இறங்கினவள், பிறகு தொடவில்லை.

நான் ஓட்டறேன் என்று சொல்ல வாய்வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிவிட்டேன். இந்தத் தடவை அவரைக் கேட்காமல் எதையும் செய்வதாக இல்லை. கேட்கவும் தைரியம் இல்லை.

ஜூன் 30, திங்கள்

கடைசி நாள். காலையில் குளிக்கப் போனார். போன் மேசையில் இருந்தது. நான் வாசலில் போய் நின்றுகொண்டேன்.

படிவத்தைப் பற்றி இருவருமே பேசவில்லை. மாலையில் நான் வரும்போது அவர் வீட்டில் இல்லை. விளக்கேற்றிய பிறகு ஆட்டோவில் வந்து இறங்கினார். காலில் புதிய ஷூ, டாக்டர் சொன்ன மாதிரி மூடியது. கடைக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூலை 1, செவ்வாய்

ஷூவோடுதான் கரை ஏறினாராம். மருந்துத் தண்ணீரில் ஷூவையும் சேர்த்து நனைத்துவிட்டுப் போனார் என்று பஞ்சநாதன் சொன்னார். ஆட்கள் எல்லோருக்கும் ரப்பர் பூட்ஸ் வாங்கித் தரப்போகிறாராம்.

ஜூலை 3, வியாழன்

பள்ளிக்கூட நேரத்தில் கதிரவன் போன். வண்டி ரத்தாகிவிட்டது என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார் என்று எழுந்து வராந்தாவுக்குப் போனேன்.

"மேடம், திங்கட்கிழமை சாயங்காலம் சார் ஷோரூம் வந்திருந்தாங்க. ஆர்டரை லாக் பண்ணியாச்சு."

"எந்த கியர்?"

"ஆட்டோமேட்டிக்தான் மேடம். சார் அதைத் தொடல. ரெண்டே ரெண்டு ஐட்டம் சேத்தாங்க. இடது பக்கம் ஏறுறதுக்கு ஒரு படி, பிடிச்சுக்க ஒரு கைப்பிடி. வலது பக்கம் வேணாமான்னு கேட்டேன். வேணாம்னுட்டாங்க. டெமோ வண்டியில இடது சீட்ல ஏறி ஒரு பத்து நிமிசம் சும்மா உக்காந்திருந்தாங்க."

கதிரவன் சொல்லிக்கொண்டே போனார்.

"டிரைவர் சீட்டை உயரம் ஏத்த முடியுமான்னு கேட்டாங்க. முடியும், ஆளோட உயரம் சொன்னா இங்கயே செட் பண்ணிடுவோம்னு சொன்னேன். அஞ்சடின்னு எழுதிக் குடுத்துட்டுப் போயிருக்காங்க. அதான் மேடம், உங்ககிட்ட ஒரு தடவை சரிபாத்துக்கலாம்னு."

வராந்தாவில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ஐந்தடி இரண்டு அங்குலம் என்று திருத்தச் சொன்னேன்.