குகை வாசலில் பால்

14 நவம்பர் 1947, வெள்ளி. சாந்தோம்.

இன்று தோட்டத்துப் பாதாள ராஜ்ஜியத்தில் பொம்மை ரயில் விட்டுப் பார்ப்பதாக இருந்தேன். அரக்கர் கோட்டை, பவழக் காடு, இரண்டையும் இணைக்கும் தண்டவாளம் எல்லாம் தயார். செம்மண்ணைக் குழைத்து நான் கட்டிய மலை மட்டும் மழையில் கரைந்து கூம்பு கூம்பாக நின்றது. காலையில் பார்த்தால் அதன் குகை வாசலில் மஞ்சள், குங்குமம். தண்டவாளம் முழுக்கப் பால், பாலில் எறும்பு.

மீன் விற்க வரும் கன்னியம்மாவின் வேலை. பாம்புப் புற்று என்று நினைத்துவிட்டாள்.

"ஞாயித்துக்கெழம மாதா கோயில் சாமியார் வராரு. அதுக்குள்ள இடிச்சிடுங்க" என்றாள் என் மனைவி ரோசம்மா. கோடை முழுவதும் மண் சுமந்தவன் நான். முடியாது என்று சொல்லிவிட்டேன்.

சாயங்காலம் கன்னியம்மா வந்தாள். பேசிப் பயனில்லை என்று தகர ரயிலுக்குச் சாவி கொடுத்து விட்டேன். குகைக்குள் பாய்ந்து மறுபக்கம் வந்தது. இது பொம்மை மலை என்று இப்போதாவது புரிந்திருக்கும் என்று நினைத்தேன். அவள் கூடையை இறக்கி வைத்து யோசித்தாள்.

"வண்டி போவட்டும் வாத்தியாரே. உள்ள நாகம் தூங்கிக்கினு கீது. அங்க மட்டும் மெல்ல வுடு."

எரிச்சலோடு நின்ற நான் குனிந்து ரயிலைக் கையில் எடுத்தேன். என் ராஜ்ஜியத்தை இதுவரை யாரும் இவ்வளவு நம்பியதில்லை.

சாவி கொடுத்த வண்டிக்கு மெல்லப் போகத் தெரியாது. நாளை குகைக்கு முன்னால் தண்டவாளத்தை மேடாக்குகிறேன். ஏறும்போது வேகம் தானாகக் குறையும். ஞாயிற்றுக்கிழமை சாமியாரையே சாவி கொடுக்கச் சொல்லப் போகிறேன்.