விமானி கல்லறைக்கு இனி யார் முறை

ஏங்க,

சாப்பாடு அடுப்பு மேல் மூடியிருக்கிறது, சூடு பண்ணிக்கொள்ளுங்கள். வீட்டுச் சாவி பக்கத்து வீட்டு அக்காவிடம். பாப்பாவோடு அம்மா வீட்டுக்குப் போகிறேன்.

போரில் விமானம் விழுந்து செத்த அந்த வெளிநாட்டு விமானியின் பேத்தி சாயங்காலம் வருகிறாள். கல்லறையைத் தோண்டி, எலும்பைத் தன் ஊருக்குக் கொண்டுபோகப் போகிறாள். "யாரும் அதுல கை வைக்கக் கூடாது" என்று நேற்று தட்டைத் தூக்கி வீசினீர்கள். தெருவே சம்மதித்துவிட்டது. நானும்தான்.

முன்பெல்லாம் எல்லா வீடும் முறை வைத்துத்தானே அங்கே புல் செதுக்கினோம்? உங்கள் தம்பி சொல்லாமல் கொள்ளாமல் எங்கோ போய்விட்டதாக நீங்கள் சொன்ன வருஷத்திலிருந்து, யார் முறையையும் விடாமல் நீங்களே செய்கிறீர்கள். "என் வீட்டுக்காரருக்கு எவ்வளவு நல்ல மனசு" என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டேன்.

மண்வெட்டியைத் தேட வேண்டாம். அக்கா வீட்டில் வைத்துப் பூட்டியாயிற்று. கேட்டாலும் தரமாட்டாள்.

பிரஷர் மாத்திரை அலமாரியில்.

பி.கு.: தோண்ட வரும் மேஸ்திரி போன் பண்ணினார். "உள்ள ஒருத்தர்தானேம்மா இருக்கார்?" என்று கேட்டார். உங்களைக் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.