பாதித் தட்டு

என் வீட்டுக்காரருக்கு, நலம்தானே? கம்பெனி கொடுத்த கால்சட்டையின் கொக்கி எட்டாமல் ஊக்கு குத்திக்கொண்டு சலவை வேலைக்குப் போகிறேன். சிரிக்காதீர்கள்.

விடுதிச் சாப்பாட்டில் என் தட்டில் பாதிதான் போட வேண்டுமென்று எங்கள் மேஸ்திரி உத்தரவு. "வாயக் கட்டுனா சக்கரை தானா எறங்கும், குண்டம்மா" என்றான். நீங்களும் போனில் அதையேதான் சொன்னீர்கள், மகராசா. சர்க்கரை மாத்திரை போட்டுவிட்டு அரைவயிறாக நின்றதில் நேற்று லேசாகத் தலை சுற்றியது. பயப்படாதீர்கள்.

இங்குள்ள நர்ஸம்மா சொன்னார்: "ஒடம்புக் கொழுப்பு 'போதும்'னு மூளைக்குச் சேதி அனுப்பும்க்கா. ஒங்க மூளைக்கு அது கேக்கல. இது தீனிவெறி இல்ல, நோவு."

பெரிய ஊக்கு ஒரு அட்டை அனுப்புங்கள். உங்கள் பழைய சட்டையும் வேண்டும், தலையணைக்கு உறையில்லை.

இன்று சாப்பாட்டுக் கூடத்தில் எல்லார் முன்னாலும் எழுந்து மேஸ்திரியைத் திட்டினேன். நடுவில் ஊக்கு கழன்றது. ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு மீதியையும் திட்டினேன். முழுத் தட்டு வந்தது. வாங்க ஒரு கைதான் இருந்தது. பாதி மேஸ்திரியின் செருப்பில் விழுந்தது.